வித்தியாச இலாகா

குற்றாலம் – தென்காசி ஒளி வழங்கும் கம்பெனி லிமிடெட்டில் லைன்மேன் இசக்கியப்பன் செய்த குற்றம் இதுதான்: ஒரே படிவத்தில் இரண்டு கட்டங்களிலும் நாற்பத்திரண்டு என்று எழுதிவிட்டான்.

நடந்தது 1937-ம் வருஷம், ஆனி மாதக் கடைசியில். சாரல் தொடங்கிவிட்டது. மதுரையிலிருந்தும் மதராஸிலிருந்தும் பெரிய மனிதர்கள் குற்றாலத்துப் பங்களாக்களில் வந்து இறங்கி, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அருவியில் குளித்துவிட்டு வந்து தலை துவட்டும்போது விளக்கு எரிய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் கம்பெனி இருந்தது. மாலை ஆறு மணிக்கு மின்சாரம் விடுவார்கள். பகலெல்லாம் கம்பி காக்கைகளுக்குச் சொந்தம்.

வருஷத்துக்கு ஒரு தடவை, சீஸன் சூடு பிடிக்குமுன், அந்தக் கம்பியைப் பகலில் சோதிக்க வேண்டும். குற்றாலம் முனையில் பாட்டரிப் பெட்டியை இணைத்துவிட்டு, தென்காசி முனையில் மீட்டரை வைத்து, முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்து 'அ' கட்டத்தில் எழுத வேண்டும். பிறகு பாட்டரியைத் தென்காசிக்கும் மீட்டரைக் குற்றாலத்துக்குமாக இடம் மாற்றி, மறுபடியும் பார்த்து 'ஆ' கட்டத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

இசக்கியப்பன் பாட்டரிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நனைந்தபடியே போய் வந்தான். தென்காசியில் முள் நாற்பத்திரண்டில் நின்றது. மாற்றிக் கட்டினான். குற்றாலத்திலும் நாற்பத்திரண்டு. அவனுக்கே கொஞ்சம் ஆச்சரியந்தான். ஏனென்றால் வழியில் கம்பி சும்மா வரவில்லை. குற்றாலத்துப் பக்கம் இலஞ்சிக்கு ஒரு கிளை பிரிந்து நாற்பது விளக்குகளுக்குப் போகிறது. தென்காசிப் பக்கம் மேலகரத்துக்கு ஒரு கிளை. அதில் ஏழே விளக்குகள். இப்படி ஒரு பக்கம் கனமும் ஒரு பக்கம் லேசுமாக இருக்கிற கம்பியில் இங்கிருந்து தள்ளினாலும் அங்கிருந்து தள்ளினாலும் ஒரே கணக்கு எப்படி வரும்? மீட்டரை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான். முள் அசையவில்லை. பார்த்ததை எழுதினான்.

உண்மையில் இது இயற்கையின் ஒரு விதி. கம்பிகள் எத்தனை கிளை பிரிந்தாலும் சரி, மின்சாரத்தைத் தள்ளும் இடத்தையும் அளக்கும் இடத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றினால் அளவு மாறாது. கம்பெனி ஆபீஸ் அலமாரியில் இருந்த இங்கிலீஷ் புத்தகத்திலேயே அது அச்சாகியிருந்தது. ஆனால் அந்தக் காலத்துப் புத்தகங்களைத் தாள் ஓரம் வெட்டிப் பிரித்துத்தான் படிக்க வேண்டும். அந்தப் பக்கத்தை இதுவரை யாரும் வெட்டவில்லை.

இந்தப் படிவத்தை நம்பித்தான் இசக்கியப்பனின் வாழ்வு இருந்தது. ஆறு வருஷமாக அவன் தற்காலிக லைன்மேன். சோதனை திருப்தியாக முடிந்தால் ஆடி ஒன்றாம் தேதியிலிருந்து நிரந்தரம் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். பண்பொழியில் இருந்த அவன் தாய்மாமன் இசக்கிப்பாண்டியும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஆடி முடியதுக்குள்ள நிரந்தர உத்தரவைக் கொண்டாந்து என் கையில குடு. ஆவணியில என் மக முப்பிடாதியக் கட்டித் தாரேன். இல்லேன்னா வாசுதேவநல்லூர் மாப்பிள்ளை தயாரா இருக்கான். அவன் தாலுகா ஆபீஸ்ல நிரந்தரம்."

படிவம் வித்தியாச இலாகாவுக்குப் போயிற்று.

இந்த இலாகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இசக்கியப்பனுக்கு முன்னால் சிவனணைந்தபெருமாள் என்பவர் பதினோரு வருஷம் இந்தச் சோதனையைச் செய்தார். அவருடைய படிவங்களில் இரண்டு எண்களும் ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை. எப்போதும் மூன்று வித்தியாசம் இருக்கும். இந்த மூன்று எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதற்காகக் கம்பெனி ஓர் இலாகாவை ஏற்படுத்தியது. முதலில் ஓர் அதிகாரி. காரணம் தெரியாததால் ஒரு குமாஸ்தா. அப்புறமும் தெரியாததால் இன்னொரு குமாஸ்தா, ஒரு பியூன், ஒரு பீரோ. பதினோரு வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகு மேஜைவிசிறியும் வந்துவிட்டது. காரணம் மட்டும் வரவில்லை.

இலாகாவின் அதிகாரி கிதிர் முகம்மது எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் நம்பமாட்டார். கடைக்காரன் கொடுக்கும் வெற்றிலையையும் அப்படித்தான் பார்ப்பார். படிவத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு இசக்கியப்பனைக் கூப்பிட்டார்.

"இது என்னது?"

"நாப்பத்திரெண்டு சார்."

"இது?"

"அதுவும் நாப்பத்திரெண்டு சார்."

"வித்தியாசம் எங்கலே?"

"வரல சார்."

"வரலையா, நீ குத்தாலத்துக்குப் போகலையா?"

இசக்கியப்பன் தன் சட்டையைத் தொட்டுக் காட்டினான். இன்னும் ஈரமாக இருந்தது. கிதிர் முகம்மது அந்த ஈரத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "ஈரத்துல ஊர் பேரு எழுதியிருக்கா?" என்று கேட்டார். பிறகு பேனாவை எடுத்துக் கோப்பின் மேலே எழுதினார்: 'இரண்டாம் எண் முதல் எண்ணைப் பார்த்துக் காப்பியடிக்கப்பட்டதாகச் சந்தேகம்.'

அன்று சாயங்காலமே இசக்கியப்பன் சிவனணைந்தபெருமாளைத் தேடிப் போனான். அவர் தென்காசிக் கோவிலின் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே ஒரு கடையில், கம்பெனி போர்த்திய பச்சைச் சால்வையை மூடிக்கொண்டு சுக்குவெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றபோது 'துல்லியத்துக்காக' என்று மேனேஜரே போர்த்திய சால்வை அது.

"அண்ணாச்சி, உங்களுக்கு மட்டும் எப்படி மூணு வித்தியாசம் வந்துச்சு?"

"எங்கன வந்துச்சு?" என்றார் அவர். "நான்தாம்லே வர வச்சேன். குத்தாலத்துக்கு நான் போனதெல்லாம் குளிக்க. மீட்டரைத் தூக்கிக்கிட்டு எவன் போவான்? இங்கன ஒரு நம்பரைப் பாப்பேன். அதுல மூணைக் கழிச்சு அடுத்த கட்டத்துல போட்டுருவேன்."

"ஏன் அண்ணாச்சி கழிக்கணும்?"

"ரெண்டும் ஒண்ணா இருந்தா பாக்காம எழுதிட்டான்னு சொல்லுவாம்லா? நாம பாக்கலங்கது வெளிய தெரியக்கூடாதுல்ல."

"இதை மேனேஜர்ட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

சிவனணைந்தபெருமாள் சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "சொல்லலாம். சொன்னா இதைத் திருப்பிக் கேப்பான். இந்தச் சாரலுக்கு இது ஒண்ணுதாம்லே இருக்கு."

மறுநாளிலிருந்து மறுசோதனைகள் தொடங்கின.

முதல் மறுசோதனையில் ஒரு குமாஸ்தா சாட்சியாகச் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனார். நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு. சாட்சி லைன்மேனோடு ஒரே சைக்கிளில் வந்ததால் இருவருக்கும் உறவு ஏற்பட்டிருக்கலாம் என்று கிதிர் முகம்மது குறித்துக்கொண்டார்.

இரண்டாவது தடவை, இரண்டு முனைகளிலும் இரண்டு சாட்சிகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருக்க வெவ்வேறு பாதையில் அனுப்பப்பட்டார்கள். அதிலும் அதே எண்தான். சந்தேகம் மீட்டர் மேல் திரும்பியது. அது பழக்கதோஷத்தில் நாற்பத்திரண்டையே காட்டுகிறது என்று முடிவு செய்து, மூன்று நாள் ஓர் இருட்டறையில் பூட்டி வைத்தார்கள். வெளியே வந்ததும் அது இரண்டு இடத்திலும் நாற்பத்திரண்டு காட்டியது.

பாட்டரியில் இன்னும் பாதிப் பங்கு கூட்டினார்கள். தென்காசியில் அறுபத்துமூன்று வந்தது. எண் மாறிவிட்டதைக் கண்டு இலாகாவில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. குற்றாலத்திலும் அறுபத்துமூன்று வந்தது.

"பாத்தியா?" என்றார் கிதிர் முகம்மது. "நாம பாட்டரிய மாத்துனோம். அதுக்கு ஏத்தமாதிரி இவனும் நம்பரை மாத்திட்டான். இது சாதாரண ஆளு செய்யுத வேலை இல்ல."

பாட்டரியைப் பழையபடி ஆக்கிவிட்டு, மேலகரத்துக் கிளையில் புதிதாக முப்பது விளக்குகளை மாட்டினார்கள். இரண்டு முனையிலும் முள் முப்பத்தாறில் நின்றது. கடைசியில் அந்த விளக்குகளைக் கழற்றிவிட்டு, இசக்கியப்பனையே ஆபீஸ் அறையில் வைத்துப் பூட்டி, அவன் இல்லாமல் சோதித்தார்கள். அப்போதும் இரண்டு எண்களும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வந்து நின்றன. கோப்பில் புதிய வரி ஏறியது: 'ஸ்தலத்தில் இல்லாமலேயே விளைவை உண்டாக்க வல்லவன்.'

விஷயம் மேனேஜர் ஆறுமுகநயினார் பிள்ளையிடம் வந்தது. அவர் நல்ல பேச்சாளர். ஊழியர்கள் எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்து, இசக்கியப்பனை நடுவில் நிறுத்தி, முக்கால் மணி நேரம் பேசினார்.

"குற்றாலம் மேடு. தென்காசி பள்ளம். தண்ணீர் அங்கிருந்து இங்கே வருகிறது. இங்கிருந்து அங்கே ஏறிப்போகிற தண்ணீரை யாராவது பார்த்ததுண்டா? நான் இங்கே உட்கார்ந்து குற்றாலம் ஆபீஸுக்கு ஓர் உத்தரவு அனுப்பினால் அங்கே பதினோரு பேர் எழுந்து நிற்கிறார்கள். அங்கிருந்து எனக்கு ஒரு விண்ணப்பம் வந்தால் நான் மேஜைமேல் போட்ட காலைக்கூட எடுப்பதில்லை. இதற்குப் பெயர்தான் நிர்வாகம். இங்கே தள்ளினால் அங்கே எவ்வளவோ, அங்கே தள்ளினால் இங்கேயும் அவ்வளவே என்று ஒரு கம்பி சொல்லுமானால், அது ராஜத்துரோகம் பேசுகிற கம்பி! பதினோரு வருஷப் படிவங்களிலும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படித்துப் பார்த்தா போட்டேன்? நம்பிக்கையோடு போட்டேன்! என் நம்பிக்கையை நாற்பத்திரண்டால் அடிக்க ஒருவனுக்கு உரிமை உண்டா?"

கூட்டம் கலைந்ததும் அவனைத் தனியே அழைத்து, "ஏலே, ஒரு கட்டத்துல முப்பத்தொன்பதுன்னு திருத்திரு. நாளைக்கே நீ நிரந்தரம். எனக்கும் சோலி முடிஞ்சிரும்" என்றார்.

"முள்ளு அங்கன நிக்கலையே, ஐயா."

மேனேஜர் அவனை மேலும் கீழும் பார்த்தார். லாபமில்லாமல் ஒருவன் உண்மை சொல்வான் என்று அவர் நம்பவில்லை. இவனுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்தார். யோசித்துப் பார்த்ததில் அது கிதிர் முகம்மதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. மேனேஜரின் பதினோரு வருஷக் கையெழுத்தைப் பொய்யாக்கிவிட்டு, அந்த நாற்காலியில் தான் உட்காரலாம் என்று அந்த ஆள் திட்டம் போடுகிறான்!

அதே நேரத்தில் கிதிர் முகம்மது தம் அறையில் யோசித்துக்கொண்டிருந்தார். இரண்டு எண்களும் ஒன்று என்று ஆகிவிட்டால் வித்தியாச இலாகாவையே மூடிவிடுவார்கள். அதனால் ஆதாயம் யாருக்கு? மேஜைவிசிறி யார் அறைக்குப் போகும்? மேனேஜர் அறைக்கு!

இருவரும் சேர்ந்தே ஒரு முடிவுக்கு வந்தார்கள். இறுதிச் சோதனையை அவர்களே செய்வது. கிதிர் முகம்மது தென்காசி முனையில் மீட்டரைப் பார்ப்பார். பிறகு கருவிகளை இடம் மாற்றியதும் மேனேஜர் குற்றாலம் முனையில் பார்ப்பார். அவரவர் எண்ணை எழுதி உறையிலிட்டு அரக்கு முத்திரை வைப்பார்கள். மறுநாள் டைரக்டர் போர்டில் இரண்டு உறைகளையும் பிரிப்பார்கள். எண்கள் வேறாக இருந்தால் இசக்கியப்பன் மேல் மோசடி வழக்கு.

சோதனை நடக்கும்போது இசக்கியப்பன் ஐந்து மைல் சுற்றுவட்டாரத்துக்குள் இருக்கக்கூடாது என்று நிபந்தனை. ஒரு பியூனைக் காவலுக்குக் கொடுத்து அவனைப் பண்பொழிக்கு அனுப்பினார்கள். கம்பெனி அறியாமல் செய்த ஒரே நன்மை இது.

திருமலைக் கோவில் படியடியில் முப்பிடாதி கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். பியூனைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், துணைக்கு ஆளெல்லாம் வச்சு வந்திருக்கிய. பெரிய உத்தியோகந்தான் போல" என்றாள்.

"ஏட்டி, நாளைக்கு என்னைய ஜெயிலுக்கு அனுப்பப் போறாவ."

"ஊரே சிரிக்குது. மூணைக் குறைச்சு எழுதுனா ஒங்க கை ஒடிஞ்சா போவும்?"

"கண்ணு பாத்ததைத்தான் முப்பிடாதி கை எழுதும்."

"நல்ல கண்ணு! வாசுதேவநல்லூர்க்காரனுக்கு மாறுகண்ணு. ஒரு முள்ளு அவனுக்கு ரெண்டாத் தெரியும். அவனை ஒங்க கம்பெனியில விட்டா வித்தியாசம் தானா வந்திருக்கும்." சிரிக்கப் போனவள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்தாள். "எங்க அய்யா நிச்சய வெத்தலைக்குச் சொல்லி அனுப்பிட்டாரு அத்தான். ஆடி கடைசியில யாரு உத்தரவு காட்டுதாவளோ அவங்களுக்கு. எனக்கு ஒங்க கண்ணும் வேணும், அந்தத் தாளும் வேணும். பாத்துக்கிடுங்க."

அவன் கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தான். பியூன் தான் எதையும் கேட்கவில்லை என்பதற்கு அடையாளமாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இங்கே தென்காசி முனையில் கிதிர் முகம்மது மீட்டரைப் பார்த்தார். நாற்பத்திரண்டு. பேனாவை எடுத்தவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. குற்றாலத்தில் அந்த ஆள் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டால்? நானும் நாற்பத்திரண்டு எழுதினால் இலாகா இன்றோடு போயிற்று. வித்தியாசத்தை நாம்தான் காப்பாற்ற வேண்டும். முப்பத்தொன்பது என்று எழுதி அரக்கை உருக்கினார்.

கருவிகள் இடம் மாறின. குற்றாலம் முனையில் ஆறுமுகநயினார் பிள்ளை மீட்டரைப் பார்த்தார். நாற்பத்திரண்டு. அவருக்கும் ஒரு சந்தேகம் வந்தது. தென்காசியில் அந்த ஆள் உண்மையை எழுதித் தொலைத்திருந்தால்? நானும் அதையே எழுதினால் என் பதினோரு வருஷக் கையெழுத்து என்னாவது? அவரும் முப்பத்தொன்பது என்று எழுதி, அரக்கின்மேல் மோதிரத்தை அழுத்தினார்.

போர்டு கூட்டம் குற்றாலத்தில், சேர்மனின் பங்களாவில் நடந்தது. சேர்மன் பெரிய மிராசுதார். அப்போதுதான் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து முடித்திருந்தார். ஊறிய எண்ணெயோடு அருவிக்குப் போக வேண்டும். துண்டைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் எண்ணெய் படக்கூடாதென்று நின்றபடியே தலைமை வகித்தார்.

முதல் உறை பிரிந்தது. முப்பத்தொன்பது. மேனேஜருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாவது உறை பிரிந்தது. முப்பத்தொன்பது. கிதிர் முகம்மது எழுந்து, உடனே உட்கார்ந்தார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தாம் கண்ணால் கண்டது நாற்பத்திரண்டு என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆகையால் எதிரே இருப்பவர் பொய்யர் என்பதும் தெரியும். அது எப்படித் தெரியும் என்று மட்டும் சொல்ல முடியாது.

"ரெண்டு பெரிய ஆபீசர் தனித்தனியாப் பாத்து ஒரே நம்பர் எழுதியிருக்காவ" என்றார் சேர்மன், அருவிப் பக்கம் ஒரு பார்வை போட்டு. "அப்பம் ஒரே நம்பர் வரும்னு ஆவுது. இந்த லைன்மேன் எழுதுனதும் ஒரே நம்பர்தான். மோசடி இல்ல. முடிஞ்சுதா? எண்ணெய் காயுது."

வாசலில் காவல் பியூனோடு நின்ற இசக்கியப்பன் கைகூப்பினான். கிதிர் முகம்மதுவுக்கு நெற்றி வேர்த்தது. இலாகா கண்முன்னே அருவித் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. திடீரென்று எழுந்தார்.

"ஐயா, ஒரு சங்கதி. இவன் எழுதுனது நாப்பத்திரெண்டு. நாங்க எழுதுனது முப்பத்தொம்பது. இடையில மூணு இருக்கு."

"அந்த மூணு எங்கன போச்சு?"

"அதைத்தான் விசாரிக்கணும், ஐயா. அதுக்குத்தானே இலாகா!"

"சரி வேய், விசாரியும். மூணு இவன்கிட்ட இருந்துதானே வந்துச்சு? இவனையும் இலாகாவுலயே குமாஸ்தாவாப் போட்டு விசாரியும். ஆடி ஒண்ணுலேருந்து நிரந்தரம்." இதைச் சொல்லிக்கொண்டே சேர்மன் படியிறங்கினார். போர்டு அவர் பின்னால் குளிக்கப் போயிற்று.

உத்தரவு அடித்து வந்தது. இரண்டு நகல்: ஒன்று குற்றாலம் ஆபீஸுக்கு, ஒன்று தென்காசி ஆபீஸுக்கு. குற்றாலம், தென்காசி என்று இரண்டாக வரும் எந்தக் காகிதமும் வித்தியாச இலாகாவின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. ஆகவே இசக்கியப்பன் புது மேஜையில் உட்கார்ந்ததும் அவன் முன்னால் வந்த முதல் கோப்பு அவனுடைய உத்தரவேதான்.

கிதிர் முகம்மது இரண்டு நகல்களையும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அவர் புருவம் ஏறியது.

"ரெண்டும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கே."

"கார்பன் வச்சு அடிச்சது சார்."

"ஒண்ணா இருந்தா ஒண்ணைப் பாத்து ஒண்ணைக் காப்பியடிச்சிருக்குன்னு அர்த்தம். இதை எப்படி அசல்னு நான் முத்திரை போடுவேன்? ஆவணியில போர்டு கூடும். அப்பம் பாத்துக்கிடலாம்."

அன்று ஆடி மாதத்துக் கடைசி வாரம். ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில், மாமா இசக்கிப்பாண்டி குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். உத்தரவைப் பார்த்துவிட்டுத்தான் பண்பொழி பஸ் ஏறுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பார்க்காவிட்டால் ஏறப்போவது வாசுதேவநல்லூர் பஸ்.

கிதிர் முகம்மது தொழுகைக்குப் போனார். இசக்கியப்பன் இரண்டு தாள்களையும் எதிரே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். இரண்டிலும் 'ஆடி 1' என்று இருந்தது. ஜன்னல் வழியாக மாமாவின் குடை தெரிந்தது. பேனாவை மையில் தோய்த்தான். குற்றாலத்து நகலில் 1-க்கு இடப்பக்கம் ஒரு சாய்ந்த கோடும் குறுக்கே ஒரு கோடும் இழுத்தான். அது 4 ஆயிற்று. மை காயும்வரை ஊதினான்.

திரும்பி வந்த கிதிர் முகம்மது இரண்டையும் மறுபடியும் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதைப் பாரு. குத்தாலம் நாலு, தென்காசி ஒண்ணு. மூணு வித்தியாசம்! மொதல்ல எப்படிக் கவனிக்காம விட்டேன்? இது அசல்தாம்லே." இரண்டிலும் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

ஆவணி பதினோராம் தேதி கல்யாணம். பந்தியில் சிவனணைந்தபெருமாள் பச்சைச் சால்வையோடு உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கினார்.

அடுத்த வருஷம் ஆனியில் கம்பிச் சோதனைக்குச் சேக் மைதீன் என்று ஒரு புது லைன்மேன் போனான். படிவம் இலாகாவுக்கு வந்தது. கிதிர் முகம்மது அன்று லீவு. அவருடைய நாற்காலியில் இசக்கியப்பன் உட்கார்ந்திருந்தான். மேஜைவிசிறி ஆறு மணி மின்சாரத்துக்காகக் காத்து நின்றது. படிவத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். இரண்டு கட்டங்களையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தான்.

"இது என்னது?"

"நாப்பத்திரெண்டு சார்."

"இது?"

"அதுவும் நாப்பத்திரெண்டு சார்."

சேக் மைதீனின் சட்டையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இசக்கியப்பன் அதைப் பார்த்தான். பிறகு வாசல் பக்கம் திரும்பி, யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்தான்.

"வித்தியாசம் எங்கலே?" என்றான்.

"வரல சார்."

"வரலையா, நீ குத்தாலத்துக்குப் போகலையா?"